அச்சேறாத குறிகள்

ஆமத்தூருக்கு அருகிலுள்ள சிவகாசி, நாட்காட்டிகளுக்கும் லேபிள்களுக்கும் பெயர் பெற்ற அச்சு நகரம். ஈய எழுத்துக்களைக் கையால் கோத்த காலத்தில், ஒரு சொல் தடித்த எழுத்தில் வரவேண்டுமானால், கைப்பிரதியில் அதன் கீழே அலைபோல் ஒரு கோடு இழுப்பது அச்சுத் தொழிலின் வழக்கம். அச்சுக் கோப்பவர் அதைக் கண்டு தடித்த எழுத்தை எடுத்துக் கோப்பார். சொல் அச்சேறும், கோடு அச்சேறாது. ஏனெனில் அது எழுத்தன்று, கட்டளை.

இதே கட்டளையைக் கணிப்பொறிக்கு இடுவதுதான் குறிமொழி. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் இத்தகைய எளிய குறிமொழி ஒன்றில் எழுதப்பட்டவை. விசைப்பலகையிலுள்ள சாதாரணக் குறிகளே இதற்குப் போதும். ஆமத்தூரைப் பற்றி நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம்:

== அமைவிடம் ==
'''ஆமத்தூர்''' [[விருதுநகர் மாவட்டம்|விருதுநகர் மாவட்டத்தில்]] உள்ள ஊர்.

== அருகிலுள்ள நகரங்கள் ==
* [[விருதுநகர்]]
* [[சிவகாசி]]

இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறி இட்டால் தலைப்பு. மும்மூன்று ஒற்றை மேற்கோள் இட்டால் தடித்த எழுத்து. இவ்விரண்டு இட்டால் சாய்ந்த எழுத்து. வரித் தொடக்கத்தில் உடுக்குறி இட்டால் பட்டியல். அதற்குப் பதில் # இட்டால் எண்வரிசை. இரட்டைச் சதுர அடைப்பு, அப்பெயருள்ள கட்டுரைக்கு இணைப்பு.

நடுவிலுள்ள நெடுங்கோட்டைக் கவனித்தீர்களா? தமிழுக்கு இன்றியமையாத குறி இது. நம் மொழியில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லே உருமாறுகிறது: மாவட்டம், மாவட்டத்தில். கட்டுரையின் பெயரோ 'மாவட்டம்' என்றுதான் முடிகிறது. எனவே கோட்டுக்கு முன்னே கட்டுரையின் பெயர். பின்னே வாசகர் கண்ணில் படவேண்டிய சொல். கோட்டை மறந்து 'மாவட்டத்தில்' என்றே அடைப்புக்குள் எழுதினால், கணிப்பொறி அப்படியொரு கட்டுரையைத் தேடும். அது இல்லையென்றால் இணைப்பு சிவப்பாகத் தெரியும்.

புதியவர்கள் செய்யும் பிழைகள் வேறு சிலவும் உண்டு. முடிவுக் குறியை மறந்தால், அவ்வரியின் எஞ்சிய பகுதி முழுவதும் தடித்துவிடும். வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விழுந்தால், அவ்வரி தனிப் பெட்டிக்குள் போய்விடும். புதிய பத்திக்கு ஒரு வெற்று வரி விடவேண்டும்.

குறிகளைத் தொடாமல் பொத்தான்களை அழுத்தியே எழுதும் வசதியும் இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடம் என்று கேட்கலாம். பக்கம் குலைந்தால் பிழை எங்கே என்று காண, குறிகளை அறிந்த கண் வேண்டும். மேலும், இந்த எழுத்தைக் காட்ட எந்தத் தனி மென்பொருளும் தேவையில்லை. மேலேயுள்ள எடுத்துக்காட்டு இந்தத் தாளிலேயே உங்களுக்குப் புரிந்ததல்லவா?

பழகுவதற்கென்றே விக்கிப்பீடியாவில் 'மணல்தொட்டி' என்றொரு பக்கம் இருக்கிறது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதுபோல், அங்கே எழுதலாம், அழிக்கலாம். கை பழகியபின் உங்கள் ஊர்க் கண்மாயின் பெயரை இரட்டை அடைப்புக்குள் எழுதிப் பாருங்கள். பெயரைச் சரியாக எழுதியும் சிவப்பாகத் தெரிகிறதா? அக்கட்டுரையை இன்னும் யாரும் எழுதவில்லை என்று பொருள். நீங்களே எழுதலாமே!