பங்கீட்டு அரிசியும் கௌரவமும்

தென் அந்தமானில் சிப்பிகாட் முதலிய ஊர்களில் வாழும் நம்மவருள், நியாயவிலைக் கடைக்குப் பை எடுத்துச் செல்லக் கூசுவோர் உண்டு. இக்கூச்சம் எதனால் என்று ஆராய்வோம்.

தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லாருக்கும் பொதுவானது. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. எல்லாரும் நிற்கும் வரிசையில் நாணத்திற்கு இடமில்லை. பல மாநிலங்களிலோ தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கே சலுகை. ஆதலால் வாங்குவோரை ஏழையெனச் சுட்டும் பார்வை எழுகிறது.

ஆயின் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை உரிமையென வகுத்துள்ளது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தியோதயா குடும்பத்திற்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இவை இலவசம். கப்பலேறித் தீவுக்கு வரும் அத்தானியத்தின் செலவில், சோப்பு வாங்கும்போது நாம் செலுத்தும் வரியும் அடங்கும்.

2022 முதல் நாடெங்கும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' நடைமுறையில் உள்ளது. இச்சட்டத்தின்கீழ் வரும் சொந்த ஊர் அட்டையைக் கொண்டே, ஆதார்வழி விரல்ரேகை பதித்து, குடியேறிய இடத்தில் பங்கைப் பெறலாம். எஞ்சியதை ஊரிலுள்ளோர் பெறலாம். தமிழ்நாட்டின் தனிச் சலுகைகள் மட்டும் இதில் சேரா.

ஆகவே நேயர்களே, தயங்காது செல்வோம்; எடையைச் சரிபார்த்து ரசீதும் கேட்டுப் பெறுவோம்.