விறகடுப்பும் நெடுந்தூர ஓட்டமும்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர். அதை ஓடியே கடந்து, மேற்கொண்டு இன்னும் 12 கிலோமீட்டர் ஓடினால் ஒரு மாரத்தான். இதற்குக் கிழமைவாரியாக அட்டவணை போட்டுப் பயிற்சி எடுப்பது வழக்கம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவருக்கு அந்த அட்டவணை முதல் வாரமே குலைந்துவிடும். அதற்காக ஆசையை விட வேண்டாம். உடம்பு எதை எரித்து ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் அட்டவணை இல்லாமலே தயாராகலாம். வீட்டு விறகடுப்பு அதைச் சொல்லிக்கொடுக்கும்.

அடுப்பில் சுள்ளி வைத்தால் குபுகுபுவென எரிந்து சீக்கிரம் தீரும். வேலிகாத்தான் கட்டை பிடிக்க நேரமாகும். பிடித்துவிட்டால் நின்று எரியும். உடம்பின் சுள்ளி, தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து. மொத்தமே அரைக்கிலோ அளவுதான், சுமார் 2,000 கலோரி. 60 கிலோ எடை உள்ளவருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 60 கலோரி செலவாகும். சுள்ளியை மட்டும் நம்பி ஓடினால் காஞ்சிபுரத்தைத் தாண்டியதுமே காலி. கட்டை என்பது கொழுப்பு. ஒல்லியானவரிடமும் பல மாரத்தானுக்குத் தேவையான கட்டை உண்டு. ஆனால் அதற்குக் காற்று அதிகம் வேண்டும்; கீழே கொஞ்சம் சுள்ளியும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். சுள்ளி அடியோடு தீர்ந்தால் கட்டை புகையும். முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் பலருக்குக் கால் நகர மறுப்பது அதனால்தான்.

ஆகவே பயிற்சி என்பது கட்டையை எரியப் பழக்குவது. நிதானமாக, நெடுநேரம் ஓட ஓட, தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். நுண்ணிய ரத்தக்குழாய்களும் கூடும். கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? கட்டை எரிகிறது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறதா? சுள்ளி கரைகிறது. போலீஸ் தேர்வுக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகிய தம்பிகள் அதே வேகத்தை நெடுந்தூரத்துக்கும் கொண்டுவருகிறார்கள். அந்தத் துடிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் தினமும் முட்டி மோதி ஓடினால் கட்டை பிடிக்கவே பிடிக்காது.

வேகம் வேண்டாம் என்பதில்லை. 1930களில் ஸ்வீடனின் கோஸ்டா ஹோல்மேர் வகுத்த ஃபார்ட்லெக் பயிற்சிக்குக் கைக்கடிகாரம்கூடத் தேவையில்லை. ஏரிக்கரையில் ஒரு மதகிலிருந்து கலங்கல் வரை விரட்டி ஓடுங்கள். மூச்சு அடங்கும்வரை மெதுவாகப் போங்கள். தோன்றும்போது மறுபடி விரட்டுங்கள். வாரத்தில் ஒருநாள் போதும்.

விடக்கூடாதது வாரம் ஒரு நீண்ட ஓட்டம். எந்தக் கிழமையானாலும் சரி, தூரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். குதிகால் தசைநாண் பழக மாதங்கள் ஆகும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலித்தால், அது போகும்வரை தூரத்தைக் குறையுங்கள். நாற்று நட்டு இடுப்பு விட்டுப்போன நாளில் ஓடவே வேண்டாம், தூங்குங்கள். உடம்புக்கு அதுவும் பயிற்சிக் கணக்குதான்.

பந்தயத்தன்று சுள்ளி தீர்வதற்கு முன்பே போட்டுக்கொண்டே வர வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். ஓடும்போது அதை வயிறு ஏற்கிறதா என்பதை முன்கூட்டியே நீண்ட ஓட்டங்களில் தின்று பார்த்துவிடுங்கள்.