மூக்கு நீண்ட குரங்கும் மாலைப் படகும்

மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போனால் கினபத்தாங்கான் ஆற்றில் மாலைப் படகுப் பயணத்தைத் தவறவிடாதீர்கள். போர்னியோ தீவில் மட்டுமே வாழும் நீள்மூக்குக் குரங்குகள், பொழுது சாயும்போது இரவு தங்குவதற்காகக் கரையோர மரங்களுக்கு வந்துவிடும். ஆண் குரங்கின் மூக்கு வாயையே மறைத்துத் தொங்கும்! காட்டுக்குள் தேடி அலைவதைவிடப் படகில் சும்மா உட்கார்ந்திருப்பதே மேல்.

சண்டக்கான் அருகே செப்பிலோக்கில், தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளுக்கு மரமேறவும் இரை தேடவும் பழக்கிக் காட்டுக்கு அனுப்பும் மையம் 1964 முதல் இயங்குகிறது. மே 30, 31 தேதிகளில் போனால், சபாவின் கடசான்-டூசுன் மக்களின் அறுவடைத் திருவிழாவான காமாத்தான் நடக்கும். அதில் அவர்களின் சுமசாவ் நடனம் பார்க்கலாம். மழைக்காட்டில் நடக்கப் போகிறவர்கள், அட்டை ஏறாதபடி முழங்கால் வரை இழுத்துவிடும் காலுறையை எடுத்துக்கொள்ளுங்கள்.