வழிபாட்டில் உள்நோக்கத் தூய்மை: மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரச் சொல்லாட்சிகள்

முன்னுரை

ஈகை, இறைவேண்டல், நோன்பு ஆகிய மூன்றையும் எந்நோக்கத்துடன் செய்தல் வேண்டும் என்பதை மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் விளக்குகிறது. மூவிடத்தும் பயின்றுவரும் இரு சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேடம்

பிறர் காண வழிபடுவோரைக் குறிக்கும் 'ஹுப்போக்ரித்தேஸ்' என்னும் கிரேக்கச் சொல் மேடை நடிகரையும் சுட்டும். சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு இதனை 'மாயக்காரர்' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்கிறது. முன்னது வஞ்சகத்தை முன்னிறுத்துகிறது. பின்னது வேடத்தை நினைவூட்டி மூலச்சொல்லை நெருங்குகிறது. நடிகருக்குக் காண்போர் இன்றியமையாதவர். வழிபடுவோருக்கோ இறைவன் ஒருவனே காண்போன்.

கைம்மாறு

அத்தகையோர் கைம்மாறு பெற்றுவிட்டனர் என்னுமிடத்து வரும் 'அபெகோ' என்னும் வினை, அக்காலப் பற்றுச்சீட்டுகளில் தொகை முழுவதும் பெறப்பட்டதைக் குறிக்க வழங்கியது. புகழை நாடியவர் புகழைப் பெற்றார், கணக்கு முடிந்தது. இறைவனிடம் பெறுதற்கு எதுவும் எஞ்சவில்லை.

பொதுவழிபாடு

இதனைப் பொதுவழிபாட்டின் மறுப்பாகக் கொள்ளலாகாது. நற்செயல்கள் மனிதர்முன் ஒளிர வேண்டும் என்கிறது ஐந்தாம் அதிகாரம். அங்குப் புகழ் இறைவனைச் சேர்கிறது. இங்குச் செய்பவரையே சேர்கிறது. மேலும், அறைக்கதவை அடைத்து வேண்டுமாறு கூறியபின் இயேசு கற்பிக்கும் மன்றாட்டு, 'எங்கள்' என்னும் பன்மையிலேயே இறைவனை விளிக்கிறது. தனித்திருப்பவரும் சமூகத்தின் குரலாகவே வேண்டுகிறார்.

முடிவுரை

ஆகவே, இவ்வதிகாரம் விலக்குவது பிறர் காண்பதை அன்று. பிறர் காணவேண்டும் என்பதற்காகவே செய்வதை எனத் துணியலாம். மறைவாகச் செய்தலும் தன் பணிவைத் தானே வியப்பதற்காயின், அதுவும் வேடமே.