குப்பை லாரி எதுவரை வரும்?

கேமரன் மலையில் குப்பைக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. திடக்கழிவு நிர்வாகத்துக்காக 2007-இல் மலேசிய நாடாளுமன்றம் கொண்டுவந்த 672-ஆம் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல், இந்த மலை இருக்கும் பகாங்கில் நடப்பில் இருக்கிறது. பக்கத்து மாநிலமான பேராக் அதை ஏற்கவில்லை. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வருகிறவர் எல்லைப் பலகையைத் தாண்டும்போது குப்பைச் சட்டத்தையும் மாற்றிக்கொண்டுதான் மேலே வருகிறார். அந்தப் பக்கம் குப்பை ஊராட்சியின் வேலை. இந்தப் பக்கம் அது கூட்டரசின் பொறுப்பு. குப்பை அள்ளுவது ஆலாம் ஃப்ளோரா நிறுவனம். அதை மேற்பார்வை பார்ப்பது எஸ்.டபிள்யூ.கார்ப் என்கிற கழகம்.

இது எதற்குத் தெரிய வேண்டும்? ஒரு வாரம் லாரி வரவில்லை என்றால் தானா ராத்தாவில் பெரும்பாலானவர்கள் திட்டுவது மாவட்ட மன்றத்தைத்தான். மன்றத்தின் முகப்பில் போய்ப் புலம்பிவிட்டு வீட்டுக்கு வந்து, 'சொல்லியாச்சு, ஒண்ணும் நடக்கல' என்று விட்டுவிடுகிறோம். சொன்ன இடமே தவறு.

தரைவீட்டுக்கு இந்த ஏற்பாட்டில் கிடைக்க வேண்டியது இவ்வளவு: மூடி போட்ட 120 லிட்டர் தொட்டி ஒன்று, வாரத்தில் இரண்டு நாள் ஈரக்குப்பையும் மிச்சமீதியும் எடுக்க லாரி, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருட்களையும் பழைய மெத்தை, உடைந்த நாற்காலி போன்ற பெரிய சாமான்களையும் எடுக்க லாரி. வருகிற தொழிலாளிக்கு இதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு மனமுவந்து முறுக்குப் பொட்டலம் கொடுப்பது வேறு.

ஊருக்குள் இது ஓரளவு நடக்கிறது. சிக்கல் தோட்டத்தில் தொடங்குகிறது.

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அப்போது காடழித்துச் செடி நட வந்தவர்களில் தமிழர்கள் பெருந்தொகை. லயம் என்கிற வரிசை வீடுகளையும் கோவிலையும் பள்ளியையும் சுற்றியே அவர்கள் வாழ்க்கை அமைந்தது. பிள்ளைகள் படித்து தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் என்று இறங்கிப் போய்விட்டார்கள். பல லயங்களில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். பழைய குடும்பங்கள் சிலவும் இருக்கின்றன. தோட்டம் தனியார் நிலம். உள்ளே போகும் சாலையும் லயமும் தோட்டத்துடையவை. அப்படியானால் லயத்து வாசலிலிருந்து லாரி நிற்கும் இடம்வரை குப்பையைக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? 'அது குப்பை அள்ளும் குத்தகைக்காரர் வேலை' என்று நிர்வாகமும், 'அது தோட்டத்து எல்லை' என்று குத்தகைக்காரரும் சொல்லிவிட்டால், குப்பை நடுவில் கிடக்கும். நடுவில் என்றால் பெரும்பாலும் பள்ளத்தில்.

இதற்கும் ஒரு சட்டம் உண்டு, அது குப்பைச் சட்டம் அல்ல. தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அது. தோட்டத்தில் ஆளை வைத்து வேலை வாங்குகிறவர் தண்ணீர், மின்சாரம், வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. 2020-இலிருந்து தோட்டம் அல்லாத மற்றத் தொழில்களின் குடியிருப்புகளுக்கும் அதை விரித்தார்கள். இதை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் இலாகா. லயத்து ஓரத்தில் குப்பை மலை போல் குவிந்திருப்பதைக் குடியிருப்பின் தரத்தைப் பற்றிய புகாராக எழுதினால் அது அங்கே போகும். 'பெர்மிட்டில் வந்தவன் புகார் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்ற பயம் லயத்தில் உண்டு. குடியிருப்புச் சட்டம் தொழிலாளியின் நாட்டைப் பார்ப்பதில்லை. ஆனாலும் தனியாள் பெயரில் எழுதுவதைவிட லயத்துக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் பயமும் பத்தாகப் பிரியும்.

அந்தக் குப்பைக்குள் என்னதான் இருக்கிறது? ஞாயிறு இரவுப் பை ஒன்றை விரித்துப் பாருங்கள். மேலே மீந்த சோறும் கோழி எலும்பும். அதன் அடியில் முட்டைக்கோஸ் தோகை, தேயிலைச் சக்கை, இனிப்புப் பால் டின், நூடுல்ஸ் உறை, இரண்டு பெம்பர்ஸ். எல்லாவற்றுக்கும் நடுவில், குழம்பில் ஊறிப்போன அட்டைப்பெட்டி. அந்த அட்டை ஈரமாகாமல் இருந்திருந்தால் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்திருப்பார். 2012-இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வு ஒன்றில் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்று தெரியவந்தது; பிளாஸ்டிக் 13.2, பெம்பர்ஸ் 12.1 விழுக்காடு. கிட்டத்தட்டப் பாதி சோறும் காய்கறியும். இந்தப் பாதியை மட்டும் தனியே பிரித்துவிட்டால் மற்றப் பாதிக்கு விலை வரும். பிரிக்கவில்லை என்றால் எல்லாமே சகதி. இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் கேட்பேன்.

மலைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். லங்காவி, பங்கோர், தியோமான் தீவுகளோடு கேமரன் மலைக்கும் அரசு சிறிய எரிப்பு ஆலை ஒன்றைக் கட்டியது. இங்கே கட்டியதன் திறன் நாளுக்கு 40 டன். ஈரமான நம் குப்பை தானாக எரியாது. டீசல் ஊற்றித்தான் எரிக்க வேண்டும். மழைக்குப் பேர்போன மலையில் மூடியில்லாத தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம், வானமே தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிடும். வீட்டில் வடிகட்டாத சாம்பாரை எரிக்க அரசு டீசல் செலவழிக்க வேண்டும்.

லாரி வராத இடத்தில் குப்பை போகிற வழிகள் இரண்டு: தீ, ஆறு.

குளிர்காலை வேளையில் லயத்துப் பின்புறம் புகை எழுவதை இந்த மலையில் பார்க்காதவர் இல்லை. தழையோடு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து எரியும்போது டயாக்சின் போன்ற நச்சு வருகிறது. அந்தக் காலைக் குளிரில் புகை மேலே போகாமல் பள்ளத்தாக்கிலேயே படுத்துவிடும். பக்கத்து லயத்துக் குழந்தைக்கு இருமல் நிற்காது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. 2024-இல் அந்தச் சட்டத்தின் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். சமயச் சடங்குக்கான தீக்கும் சமையல் அடுப்புக்கும் விலக்கு உண்டு. போகி என்று சொல்லிப் பழைய டயரைக் கொளுத்துகிறவர் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

ஆற்றின் கதை இன்னும் நீளம். தானா ராத்தாவைத் தொட்டு ஓடும் பெர்த்தாம் ஆறு ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டு அங்கே நிற்கிறது. மின்சாரத்துக்காகத் தேக்கிய அந்த ஏரியில் மலைச்சரிவிலிருந்து வழியும் மண்ணும் ஊர்க் குப்பையும் வந்து படிந்தன. ஏரி தூர்ந்தால் தண்ணீர் தேங்க இடமில்லை. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணையைத் திறக்க நேர்ந்தபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் பாய்ந்து உயிர்களும் வீடுகளும் போயின. அதற்குக் காரணம் குப்பை மட்டுமே என்று சொல்வது நியாயமாகாது. காடழித்துப் போட்ட காய்கறித் தோட்டங்களின் மண்தான் பெரிய குற்றவாளி. ஆனால் நாம் பள்ளத்தில் தள்ளிய பை எங்கே போய் நின்றது என்பதற்கு அந்த ஏரியைப் போய்ப் பார்த்தால் போதும்.

இனி, தோட்டத்துக்கே உரிய ஆபத்து ஒன்று: மருந்து டின். பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த கேனை நன்றாகக் கழுவிவிட்டோம் என்று நினைத்து மழைநீர் பிடிக்கவும் ஊறுகாய் போடவும் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. பிளாஸ்டிக் மருந்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் வெளியே வராது. மருந்து ஒட்டியிருக்கும் கொள்கலன் 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி அட்டவணைக் கழிவு, எஸ்.டபிள்யூ. 409 என்ற எண்ணில் வருகிறது. வீட்டுக் குப்பையோடு அதைப் போடக்கூடாது. உரிமம் பெற்றவர் எடுத்துப் போக வேண்டும். அது முதலாளியின் வேலை. தொழிலாளி செய்ய வேண்டியது, மருந்து கலக்கும் இடத்திலேயே மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, மறுபடி பயன்படாதபடி அடியில் ஓட்டை போட்டு நிர்வாகத்திடம் ஒப்படைப்பது. ஓடையில் அலசினால் கீழே இன்னொரு லயம் அந்தத் தண்ணீரில்தான் துணி துவைக்கும். கையுறையும் முகமூடியும் பயிற்சியும் தர வேண்டியது நிர்வாகம் என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் முதல் அதில் இன்னொரு உரிமையும் சேர்ந்திருக்கிறது: உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, அதை நீக்க முதலாளி எதுவும் செய்யாவிட்டால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம்.

அபராதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுக் கதவைத்தான் தட்டும். 2015 செப்டம்பரில் வீட்டிலேயே பிரிப்பது கட்டாயமாகி, 2016 ஜூனிலிருந்து கம்பவுண்ட் வந்தது. முதல் முறை 50 வெள்ளி, இரண்டாவது 100, மூன்றாவது 500. அதற்கும் மேலே நீதிமன்றம் போனால் 1,000 வெள்ளி வரை. சாலையில், ஆற்றங்கரையில் லாரிக் கணக்கில் கொட்டினால் 10,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போடுகிறவருக்கு 2,000 வெள்ளி வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை துடைப்பம் எடுத்துச் சமூக சேவை செய்யும் உத்தரவையும் நீதிமன்றம் போடலாம். ஸ்ட்ராபெரி டப்பாவைக் கார் கண்ணாடி வழியே வீசிவிட்டுப் போகிற சுற்றுலாப் பயணிக்கும் இது பொருந்தும். வாரயிறுதியில் அவர்கள் விட்டுப்போவதை வாரம் முழுக்க அள்ளுகிற ஊர் இது. அவர்களில் சிலரை அந்தத் துடைப்பத்தோடு பார்க்க எனக்கு ஆசை உண்டு.

அபராதம் மட்டுமே மலையைச் சுத்தமாக்கும் என்று நான் நம்பவில்லை. நம்மைப் போலவே தேயிலையும் சுற்றுலாவும் உள்ள நீலகிரியைப் பாருங்கள். காட்டில் உடைந்து கிடக்கும் மதுப் புட்டிகள் யானையின் காலைக் கிழிப்பதைப் பார்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே 15 முதல் அங்கே டாஸ்மாக் மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தருகிறார்கள். விற்ற புட்டிகளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. வீசியெறிகிறவன் வீசினாலும், பத்து ரூபாய்க்காகப் பொறுக்கிக் கொடுக்க ஆள் இருந்தது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் விற்கும் தண்ணீர்ப் புட்டிக்கு இப்படி 20 காசு வைத்தால் என்ன? மலேசியாவில் உற்பத்தியாளரே தன் பொட்டலத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு 2024-இல் வந்த சுழற்சிப் பொருளாதாரத் திட்டத்திலும் இருக்கிறது. அது பேச்சிலிருந்து சட்டமாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

மறுசுழற்சியில் ஒரு முரண் உண்டு. 2018-இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குச் சீனா கதவை மூடியதும் உலகப் பணக்கார நாடுகளின் பிளாஸ்டிக் சிலாங்கூர் ஜெஞ்சாரோமில் வந்து குவிந்தது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைப் பதின்மூன்று நாடுகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் நம் சொந்த வீட்டுப் பிளாஸ்டிக் குழம்பு ஒட்டிக் கிடந்ததால் யாருக்கும் வேண்டாததாக இருந்தது. நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2023-இல் 35.38 விழுக்காடு. பாட்டிலைக் கவிழ்த்து ஒருமுறை அலசினால் போதும், குளிப்பாட்ட வேண்டியதில்லை.

லயத்தில் உரக்குழி போட நினைக்கிறவர்களுக்கு: இந்தக் குளிரில் தழை மட்கக் கீழ்நாட்டைவிடக் காலம் பிடிக்கும். பொறுமையாக ஒரு அடுக்கு காய்கறித் தோல், ஒரு அடுக்கு காய்ந்த இலை என்று போடுங்கள். இறைச்சியும் எலும்பும் போட்டால் எலி வரும். எலி வந்தால் எலிக்காய்ச்சல் வரும்.

லாரி வராவிட்டால் எஸ்.டபிள்யூ.கார்ப்பின் கட்டணமில்லா எண் 1-800-88-7472, ஆலாம் ஃப்ளோராவின் எண் 1-800-880-880. எரிப்பதைப் பற்றியோ மருந்து டின்னைப் பற்றியோ என்றால் சுற்றுச்சூழல் இலாகா, 1-800-88-2727. அழைக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியும் பின்னால் அடையாளம் தெரியும் கட்டடமும் ஒரே படத்தில் விழ வேண்டும். 'ரொம்ப நாளா அள்ளல' என்று சொல்லாதீர்கள். 'மூன்றாம் தேதி வரவில்லை, ஆறாம் தேதியும் வரவில்லை' என்று சொல்லுங்கள். தோட்டத்துக்காரர்கள் நிர்வாகத்துக்கு முதலில் ஒரு கடிதம் எழுதலாம், மலாயில்; தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்தால் எழுதிவிடுவார். லயத்திலிருந்து எந்த இடம்வரை குப்பையைத் தோட்டம் கொண்டுபோகும், எந்தெந்தக் கிழமை என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் இருந்தால்தான், பின்னால் தொழிலாளர் இலாகாவில் 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது. தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அழைக்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் பழைய புகாரையே திறப்பார்கள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.