ஐ.சி.டி. கருவி அதிர்ச்சி தந்தால் என்ன செய்ய வேண்டும்?

மார்பில் யாரோ ஓங்கி உதைத்தது போல் இருந்தது என்பதே, ஐ.சி.டி. கருவியின் மின்னதிர்ச்சியைப் பெற்றவர்கள் எங்களிடம் பெரும்பாலும் கூறுவது. வலி சில நொடிகளில் மறைந்துவிடும். அச்சமோ குடும்பத்தில் பல மாதங்கள் தங்கிவிடுகிறது. நடைப்பயிற்சியை நிறுத்தியவர்களையும், கணவரின் அருகில் உறங்கத் தயங்கும் மனைவியரையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

மாரடைப்பின்போது இரத்தம் கிடைக்காத இதயத் தசை மடிந்து தழும்பாகிறது. அத்தழும்பின் ஓரங்களில் மின்னோட்டம் சுற்றிச் சுழலத் தொடங்கினால், இதயத்தின் கீழறைகள் மிக வேகமாகத் துடிக்கும். சில வேளைகளில் துடிப்பு வெறும் நடுக்கமாகி இரத்த ஓட்டமே நின்றுவிடும். மாரடைப்பு வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இது நேரலாம்.

இத்தகைய திடீர் மரணத்தைத் தடுக்க மருத்துவர் மிஷேல் மிரோவ்ஸ்கி தம் குழுவினருடன் உருவாக்கிய கருவி, 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இன்றைய கருவிகளுள் பல, முதலில் வலியற்ற விரைவுத் துடிப்புகளை அனுப்பி இதயத்தைச் சீராக்க முயல்கின்றன. அது பலிக்காதபோதோ, துடிப்பு மிக ஆபத்தானதாக இருக்கும்போதோ அதிர்ச்சி தருகின்றன.

ஆயினும் தழும்பை இக்கருவி ஆற்றுவதில்லை; இரத்தக் குழாய் அடைப்பையும் நீக்குவதில்லை. ‘கருவிதான் இருக்கிறதே’ என்று பீட்டா பிளாக்கர் முதலிய மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடும் வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு தடுமாறும். அப்போது தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள்.

அதிர்ச்சி நேர்ந்தால் உடனே அமருங்கள் அல்லது படுத்துக்கொள்ளுங்கள். ஒரே அதிர்ச்சிக்குப் பின் நலமாக உணர்ந்தால், அன்றே எங்கள் பிரிவுக்குத் தெரிவியுங்கள். ஒரே நாளில் இரண்டோ அதற்கு மேலோ வந்தாலும், மார்வலி, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். தாமே வாகனம் ஓட்டி வரலாகாது.

குடும்பத்தினருக்கு ஒரு சொல். அதிர்ச்சியின்போது நோயாளியைத் தொட்டிருந்தால் சிறு சுரீர் உணர்வு ஏற்படலாம், அதனால் தீங்கில்லை. அவர் நினைவிழந்து மூச்சின்றிக் கிடந்தால், கருவி இருக்கிறதென்று காத்திராமல் 108-ஐ அழைத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள்.

சில அதிர்ச்சிகள் தேவையின்றியும் வருவதுண்டு. மேலறைகளின் படபடப்பைக் கருவி தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். கம்பியில் பழுது இருக்கலாம். நடந்ததைக் கருவியே பதிவு செய்து வைத்திருக்கும். அதைப் படித்துக் காரணம் அறிந்தபின், மருந்தையோ கருவியின் அமைப்பையோ மாற்றுவோம். எப்போது மீண்டும் நடக்கத் தொடங்கலாம் என்பதையும் அன்றே கேளுங்கள். பெரும்பாலோருக்கு அந்த நாள் தொலைவில் இல்லை.