ஓவியருக்கு ஊர் கூடி பணம் தருது... அது சம்பாத்தியமா, கடனா? கிரவுட் ஃபண்டிங்கில் கவனிக்க வேண்டியவை

2012 ஜனவரி மாதம். அமெரிக்காவில் குச்சி மனிதர்களை வரைந்து இணையத்தில் இலவசமாக காமிக்ஸ் வெளியிட்டு வந்தார் ரிச் பர்லூ என்ற ஓவியர். அந்த காமிக்ஸின் பெயர் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. அதன் புத்தகத் தொகுப்புகளில் ஒன்று விற்றுத் தீர்ந்து, அச்சில் இல்லாமல் இருந்தது. மறுபதிப்பு போட வேண்டும் என்றால் பெரிய தொகையை முதலிலேயே போட வேண்டும்.

அவர் ரசிகர்களிடமே கேட்டுவிட்டார். 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் அவர் வைத்த இலக்கு 57,750 டாலர். ஒரே மாதத்தில் வந்து சேர்ந்ததோ 12 லட்சத்து 54 ஆயிரம் டாலர்! அன்றைய மதிப்பில் 6 கோடி ரூபாய்க்கும் மேல். கொடுத்தவர்கள் 14,952 பேர்.

கேட்கவே நல்லா இருக்குல்ல? ஆனால், அந்த ஓவியருக்கு அசல் வேலை அதன்பிறகுதான் ஆரம்பித்தது. அது என்ன? வாங்க பார்க்கலாம்.

கிரவுட் ஃபண்டிங் என்றால் என்ன?

ஒருவர் பெரிய தொகை போடுவதற்குப் பதில், பலர் சேர்ந்து சிறு தொகை போடுவது. அவ்வளவுதான். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலிப்பதைப் பார்த்த நமக்கு இது புதுசு இல்லை.

இந்திய சினிமாவிலும் இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. ஷியாம் பெனகல் இயக்கி 1976-ல் வெளியான 'மந்தன்' படத்துக்கு, குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். படத்தின் தயாரிப்பாளர்களே அவர்கள்தான்.

இணையம் வந்தபிறகு இந்த வேலையைத் தளங்கள் எடுத்துக்கொண்டன. 2009-ல் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் அதில் முக்கியமானது.

ஓவியர்களுக்கு என்னென்ன வழிகள்?

முக்கியமாக இரண்டு.

முதல் வழி, ஒரே ஒரு திட்டத்துக்குப் பணம் திரட்டுவது. ஒரு புத்தகம், ஒரு காலண்டர், ஒரு சீட்டுக்கட்டு என்று எதையாவது அறிவித்து, அதற்கு மட்டும் பணம் கேட்பது. கிக்ஸ்டார்ட்டரில் விதி ரொம்ப கறார். சொன்ன நாளுக்குள் இலக்கை எட்டினால்தான் பணம். ஒரு டாலர் குறைந்தாலும் யாருடைய கார்டிலிருந்தும் பணம் எடுக்கப்படாது. அங்கே தொடங்கப்படும் திட்டங்களில் பாதிக்கும் மேல் இலக்கை எட்டுவதில்லை.

இரண்டாவது வழி, மாதச் சந்தா. 2013-ல் ஜாக் கான்டே என்ற இசைக் கலைஞரும் சாம் யாம் என்பவரும் தொடங்கிய 'பேட்ரியான்' இந்த ரகம். ரசிகர்கள் மாதம் சில டாலர் தருவார்கள். ஓவியர் பதிலுக்குப் புதுப் படங்கள், வரையும்போது எடுத்த வீடியோ, முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பு என்று எதையாவது தருவார்.

சரி, ரிச் பர்லூவுக்கு என்ன ஆச்சு?

இலக்கு முதல் சில நாட்களிலேயே தாண்டிவிட்டது. பணம் வரவர, 'இன்னும் இவ்வளவு வந்தால் இதையும் தருகிறேன்' என்ற பட்டியலும் நீண்டது. ஒரு புத்தகத்தில் தொடங்கியது, அச்சில் இல்லாத மற்ற புத்தகங்கள், ஆதரவாளர்களுக்கான புதிய கதைகள் என்று வளர்ந்துகொண்டே போனது.

புத்தகத்தை அச்சகம் அச்சடித்துவிடும். கதையை யார் வரைவது? அவர் ஒருத்தர்தான்.

அந்த வருடம் செப்டம்பரில் அவருடைய கையில் பலத்த காயம் ஏற்பட்டது. சில மாதங்கள் வரையவே முடியவில்லை. இணையத்தில் வந்துகொண்டிருந்த காமிக்ஸும் நின்று, டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. வாக்குறுதி கொடுத்த கதைகளை முடிக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. நடந்ததை ஆதரவாளர்களிடம் அப்போதைக்கு அப்போதே சொல்லிக்கொண்டும் இருந்தார். ஆனாலும் 15 ஆயிரம் பேரின் எதிர்பார்ப்பு ஒரு மனிதரின் ஒரு கையை நம்பி இருந்தது என்பதை அந்தக் காயம் காட்டிக் கொடுத்தது.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

இதுதான் பலரும் போட மறக்கும் கணக்கு. ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம்.

ஒரு ஓவியப் புத்தகத்துக்கு 200 பேர் ஆளுக்கு 25 டாலர் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5,000 டாலர்.

* கிக்ஸ்டார்ட்டர் கட்டணம் 5%: 250 டாலர்
* கார்டு பரிவர்த்தனைக் கட்டணம், 3% மற்றும் ஒவ்வொருவருக்கும் 20 சென்ட்: 190 டாலர்
* அச்சுச் செலவு, பிரதிக்கு 8 டாலர் என்றால்: 1,600 டாலர்
* பார்சல், தபால் செலவு, பிரதிக்கு 7 டாலர் என்றால்: 1,400 டாலர்

மிச்சம் 1,560 டாலர். இந்தப் புத்தகத்துக்காக 6 மாதம் உழைத்திருந்தால், மாதத்துக்கு 260 டாலர். அமெரிக்காவில் வீட்டு வாடகைக்கே போதாது. இதில் வரி வேறு இருக்கு.

கையால் வரைந்து தரும் ஸ்கெட்ச் இன்னொரு பொறி. ஒரு படத்துக்கு 2 மணி நேரம், 100 பேருக்கு என்றால் 200 மணி நேரம். தினமும் 8 மணி நேரம் வரைந்தாலும் 25 நாள் அதிலேயே போய்விடும்.

எங்கே சறுக்குகிறார்கள்?

கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஈதன் மாலிக். 2014-ல் வெளியான அவரது ஆய்வின்படி, சொன்னதைச் செய்து கொடுப்பவர்களிலும் 75 சதவீதத்துக்கு மேல் தாமதமாகத்தான் தருகிறார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பணம் வந்த திட்டங்களில் தாமதமும் அதிகம் என்கிறது அந்த ஆய்வு. 2015-ல் அவர் ஆதரவாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், பணம் கிடைத்த திட்டங்களில் சுமார் 9% சொன்னதைத் தரவே இல்லை என்று தெரியவந்தது.

2012-ல் இன்னொரு வெப்காமிக் ஓவியர் 8,000 டாலர் கேட்டு, 50 ஆயிரம் டாலருக்கு மேல் பெற்றார். ஒரு கட்டத்தில் மீதிப் புத்தகங்களை அனுப்பவே முடியவில்லை. 2014-ல் 127 பிரதிகளைத் தீயில் போட்டு எரித்து, அதை வீடியோவாகவும் வெளியிட்டார். பணம் கிடைக்காமல் தோற்றவர்களுக்குக்கூட இப்படி ஒரு நிலைமை வரவில்லை.

அப்போ மாதச் சந்தா பாதுகாப்பானதா?

ஓரளவுக்கு. தொகை சிறியது என்றாலும் மாதாமாதம் வரும். ஆனால், கட்டுப்பாடு தளத்தின் கையில்.

2017 டிசம்பரில் பேட்ரியான் ஒரு மாற்றத்தை அறிவித்தது. ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9% மற்றும் 35 சென்ட் கட்டணத்தை ரசிகர்களே கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்றது. ஒரு டாலர் தந்தவர் ஒன்றே கால் டாலருக்கு மேல் தர வேண்டிய நிலை. பலர் சந்தாவை ரத்து செய்தார்கள். சின்னச் சின்னத் தொகையை நம்பியிருந்த ஓவியர்களுக்குத்தான் அடி. எதிர்ப்பு வலுக்கவே, ஒரே வாரத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. போன ரசிகர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்பது வேறு விஷயம்.

இந்தியாவிலிருந்து செய்ய முடியுமா?

கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவில் இருந்தபடி மற்றவர்களுக்குப் பணம் தரலாம். ஆனால், திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியா இல்லை. பேட்ரியானில் இந்தியப் படைப்பாளிகள் கணக்கு தொடங்கலாம். உள்ளூர் ரசிகர்களை நம்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபரில் அமலான ரிசர்வ் வங்கி விதிகளுக்குப் பிறகு, மாதாமாதம் கார்டில் தானாகப் பணம் பிடிப்பது முன்புபோல எளிதல்ல. பொருளுக்கோ படைப்புக்கோ பதிலாக வரும் பணம் வருமானம்தான் என்பதால், வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

தொடங்கும் முன் யோசிக்க வேண்டியவை

* படங்களை முடித்துவிட்டு, அச்சுச் செலவுக்கு மட்டும் பணம் கேட்பது நல்லது. பர்லூவின் திட்டத்திலும், ஏற்கனவே வரைந்து முடித்த புத்தகங்கள் பெரிய தொல்லை தரவில்லை. புதிதாக வரைய வேண்டியவைதான் இழுத்தன.
* தபால் செலவை எடைபோட்டு, நாடு வாரியாகக் கணக்கிடுங்கள்.
* கையால் வரைந்து தருவதாக இருந்தால், எத்தனை பேருக்கு என்று எண்ணிக்கையை முன்பே நிர்ணயித்துவிடுங்கள்.
* பணம் கூடுதலாக வந்தால் தாளின் தரத்தை உயர்த்தலாம், அட்டையை கெட்டியாக்கலாம். புது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.
* தாமதமானால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். காத்திருக்கத் தயாராக இருப்பவர்களும் பதிலே வராவிட்டால் கோபப்படுவார்கள்.

மொத்தத்தில், கிரவுட் ஃபண்டிங்கில் வரும் பணம் பரிசும் இல்லை, சம்பளமும் இல்லை. அது அட்வான்ஸ். அட்வான்ஸ் வாங்கிய தையல்காரர் தீபாவளிக்குள் சட்டையைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். எத்தனை சட்டைக்குத் துணி வாங்கலாம் என்பதை அவர்தான் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.